மலைச்சரிவில் சரளைக்கல் தோட்டம்: நீலகிரி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கீழ்த் தோட்டத்துக்கு இறங்கும் சரிவில் முதன்முறை அலங்காரக் கல் பரப்பியபோது, புல்லைச் செதுக்கிவிட்டுத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் உருண்டையான வெள்ளைக் கற்களைக் கொட்டி நிரவினோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு மழைக்கே அந்தக் கற்களில் பாதி கீழ்வீட்டுத் தேயிலைச் செடிகளின் தூரில் போய்ச் சேர்ந்திருந்தது. மண்ணுக்குள் இறங்க வழியில்லாத நீர் தார்ப்பாயின் மேலேயே ஓடி, கல்லையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிட்டது. அதே இடத்தில் பிறகு முறையாகப் போட்ட பாதை பல மழைக்காலங்களைத் தாங்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே கல்லின் விலையிலோ அழகிலோ பெரிய வேறுபாடு இல்லை. நீருக்கு முதலில் வழி செய்தோமா என்பதே வேறுபாடு. மலையில் சரளைக்கல் தோட்டம் அமைக்க விரும்புபவர்கள் கல்லின் விலையைக் கேட்பதற்கு முன்பாகத் தங்கள் நிலத்தில் மழைநீர் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு மழைக்காலம் நிலத்தைப் பாருங்கள்

நீலகிரி முழுவதற்கும் ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்கு மழையை நம்பியவை. உதகை இரண்டிலும் நனையும். உங்கள் ஊரின் பெருமழைக் காலத்தில் குடையோடு தோட்டத்தில் ஒரு முறையாவது நடந்து, நீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது என்பதைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தாழ்வாரத்திலிருந்து விழும் நீர் மண்ணில் குழி பறித்துச் சுவரில் சேறு தெறித்திருக்கும் கோட்டையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய வீட்டில் சரளைக்கல்லுக்கு மிகவும் பொருத்தமான முதல் இடம் அந்தக் கோடுதான். ஒன்றரை அடி அகலத்தில் கல் பரப்பினால் சுவரின் அடி மழைக்காலத்திலும் சுத்தமாக இருக்கும்.

மழையில்லாத நாளில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது இறங்கிய பிறகு மீண்டும் நிரப்பி, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். அப்போதும் நீர் நின்றிருந்தால் அந்த இடத்தில் கல்லை மட்டும் பரப்புவது தேங்கிய நீரை மூடி மறைப்பதாகவே முடியும். அங்கே முதலில் வடிகால் வேண்டும்.

வடிகாலுக்கு மண்ணுக்குள் புதைக்கும் சரளை வாய்க்கால் போதுமானது. ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட பள்ளம் வெட்டி, 100 அடிக்கு 1 அடி என்ற வாட்டத்தில் அடியைச் சீராக்கி, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியைப் பள்ளம் முழுவதும் படியும்படி விரித்து, ஒன்றரை இன்ச் ஜல்லியை 2 அங்குலக் கனத்துக்குப் போட்டு, துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, மேலும் ஜல்லி நிரப்பித் துணியை மேலே மடித்து மூட வேண்டும். குழாயின் முனை நகராட்சிச் சாக்கடையிலோ இயற்கையான நீரோடையிலோ முடிய வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் தடுப்புச்சுவருக்குப் பின்னால் முடியவே கூடாது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு நீர் ஊறிக் கனத்த மண் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்திலேயே தடுப்புச்சுவர் இருந்தால் அதன் நீர்க்கசிவுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாகச் சுவர் எழுப்புபவர்கள் சுவருக்குப் பின்புறம் குறைந்தது ஓர் அடி அகலத்துக்கு ஜல்லியை நிரப்பச் சொல்ல வேண்டும். நிலத்தை வெட்டிச் சமப்படுத்துவதற்கும் பொக்லைன் கொண்டுவருவதற்கும் இந்த மாவட்டத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதையும் வேலைக்கு ஆள் சொல்வதற்கு முன்பே நினைவில் கொள்ளுங்கள். இங்கே சொல்லப்போகும் வேலைகள் அனைத்தும் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் முடிபவை.

சரிவை அளந்து படிகளாகப் பிரியுங்கள்

சமதளத்துத் தோட்டங்களுக்கான குறிப்புகள் மலையில் உதவாமல் போவது இந்த இடத்தில்தான். 20 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் இறங்கும் சரிவில் எந்தச் சரளையும் நிலையாகக் கிடக்காது. மழை இழுக்காவிட்டாலும் நடப்பவர்களின் கால் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். தெளிவான குழாயில் நீர் நிரப்பிக் கொத்தனார்கள் பார்க்கும் டியூப் மட்டத்தால் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்துகொள்ளுங்கள். எங்கள் பாதை 30 அடி நீளம். அதில் 3 அடி இறக்கம். அதாவது 10 அடிக்கு 1 அடி என்பதால் அதை அப்படியே சரளைப் பாதையாக்க முடியாது. அந்த 3 அடியை 6 அங்குல உயரமுள்ள 6 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் 5 அடி நீளம் கொடுத்தோம். படியின் முகப்பில் கருங்கல் கட்டை. அதற்குப் பின்னால் ஏறக்குறைய மட்டமான சரளைத் தளம். முதியவர்களுக்கும் இந்த நீண்ட படி ஏற எளிதாக இருக்கிறது.

ஒவ்வொரு தளத்துக்கும் பக்கவாட்டில் சிறு வாட்டம் வேண்டும். 3 அடி அகலப் பாதையில் முக்கால் அங்குலம் போதும். அந்த வாட்டம் மலையை ஒட்டிய பக்கம் சாய்ந்து, அங்கே ஓடும் சிறு வாய்க்காலில் நீரைச் சேர்க்க வேண்டும். சரிவுக்கு நேர் குறுக்காகவும் வளைந்தும் செல்லும் பாதைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. தொட்டபெட்டாவின் அடிவாரச் சரிவில் 1848இல் உருவாகத் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவுக்கோ, 1874இல் இயற்கையான பள்ளத்தாக்கில் அமைந்த குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கோ செல்லும்போது, பூக்களைப் பார்ப்பதோடு பாதைகள் சரிவில் எப்படி வளைந்து இறங்குகின்றன என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கல்லைக் கேட்பது

கடையில் “கிராவல்” என்று கேட்டால் நம் பக்கத்தில் பெரும்பாலும் நிரவலுக்குப் போடும் சிவந்த சரளை மண்ணே வந்து சேரும். தோட்டத்துக்கு வேண்டியது அதுவல்ல. கிரஷரில் உடைத்த கல் வேண்டுமானால் ஜல்லியை அளவு சொல்லிக் கேளுங்கள்: கால் இன்ச் என்பது 6 மில்லிமீட்டர், அரை இன்ச் 12, முக்கால் இன்ச் 20, ஒன்றரை இன்ச் 40. உருண்டு வழவழப்பாக இருப்பது கூழாங்கல். பளிச்சென்ற வெண்மையில் கூரிய விளிம்புகளோடு வருவது வெங்கச்சாங்கல்லாகவோ பளிங்குச் சில்லாகவோ இருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்திருப்பது மிக அவசியம்.

நடக்கும் பாதைக்கு அரை இன்ச் உடைகல்லே சிறந்தது என்பது என் முடிவு. அதன் முனைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதால் மிதிபட மிதிபட இறுகும். கூழாங்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் காலடியில் உருளும். அதை நடக்காத இடங்களில், தாழ்வாரக் கோட்டிலும் செடிப் பாத்தியிலும் வறண்ட ஓடைபோல் அமைக்கும் வாய்க்காலிலும் போடுங்கள். கால் இன்ச் கல் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். முக்கால் இன்ச்சுக்கு மேல் போனால் நடப்பது சிரமம்.

நிறத்தில் அவசரப்பட வேண்டாம். பனிமூட்டமும் நிழலும் உள்ள இடத்தில் வெள்ளைக் கல் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடுகிறது. இந்த மலையின் அடிப்பாறையான சார்னோக்கைட் கரும்சாம்பல் நிறமுடையது; அந்த நிறத்துக்கு நெருங்கிய கருங்கல் ஜல்லி ஈரத்திலும் நன்றாக இருக்கும், பழைய கல்சுவர்களோடும் ஒத்துப்போகும். பாதை ஓரம் மட்டும் வெளிச்சம் வேண்டுமென்றால் வெயில் படும் இடத்தில் வெங்கச்சாங்கல்லைச் சிறிதளவு பயன்படுத்தலாம்.

பளிங்குச் சில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வாசலில் நீல நிறத்தில் பூத்துக்கொண்டிருந்த ஹைட்ராஞ்சியாவைச் சுற்றி அதைப் பரப்பிய சில பருவங்களில் பூ மெல்ல இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியது. நீலகிரி மண் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. அமில மண்ணில் ஹைட்ராஞ்சியாவின் வேர் அலுமினியத்தை எளிதாக எடுத்துக்கொள்வதால் பூ நீலமாகிறது. பளிங்கு என்பது சுண்ணாம்புப் பாறை உருமாறியது. மழைநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து மண்ணின் அமிலத்தைக் குறைக்கிறது. பூவின் நிறம் மாறுவதோடு இது நின்றுவிடாது. அசேலியா, கமேலியா, காட்டுப்பூவரசு என்று நாம் அழைக்கும் ரோடோடெண்ட்ரான் ஆகியவை அமில மண் இல்லாவிட்டால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நலிந்துபோகும். வாங்குவதற்கு முன் ஒரு கல்லை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். இத்தகைய செடிகளின் அருகே அதைப் போட வேண்டாம். வெங்கச்சாங்கல்லிலும் கருங்கல்லிலும் எதுவும் நிகழாது.

ஓடைகளிலிருந்தும் காட்டிலிருந்தும் கூழாங்கற்களை மூட்டை கட்டி எடுத்துவருவது சிலருக்கு வழக்கமாக இருக்கிறது. அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிடவும், அந்தக் கற்களின் இடுக்கில்தான் தவளைக் குஞ்சுகளும் நண்டுகளும் ஒதுங்கி வாழ்கின்றன. ஓடையின் கரையை அரிப்பிலிருந்து காப்பதும் அந்தக் கற்களே. உங்கள் நிலத்தைத் தோண்டும்போதே கிடைக்கும் கற்களைக் கழுவிச் சேர்த்து வையுங்கள். கரை கட்டுவதற்கு அவற்றைவிடப் பொருத்தமான கல் வெளியில் கிடைக்காது.

எவ்வளவு வாங்க வேண்டும்

நீளம், அகலம் இரண்டையும் அடியில் பெருக்கி, வரும் பரப்பை அங்குலத்தில் உள்ள கனத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 30 அடிக்கு 3 அடிப் பாதை 90 சதுர அடி. மேல்கல் 2 அங்குலம் என்றால் 15 கன அடி. அடித்தளம் 3 அங்குலம் என்றால் இருபத்திரண்டரை கன அடி. நூறு கன அடியைத்தான் ஒரு யூனிட் என்கிறார்கள். 15 கன அடி மேல்கல் ஏறக்குறைய 640 கிலோ எடை இருக்கும். 25 கிலோ மூட்டையாக வாங்கினால் 26 மூட்டை. பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள்.

ஜல்லி பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளியிலிருந்தே மலையேறி வருகிறது. ஏற்றுக்கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடுவது இயல்பு என்பதால் அடித்தள ஜல்லி, மேல்கல், கிரஷர் தூள் மூன்றையும் ஒரே லாரியில் பிரித்து ஏற்றச் சொல்வது சிக்கனம். லாரி நிற்கும் இடத்திலிருந்து தோட்டம் வரை தலைச்சுமையாகத்தான் கொண்டுவர முடியும் என்றால், ஆட்கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்; தொலைவில் உள்ள பகுதியை முதலில் முடித்துப் பின்வாங்கி வருமாறு வேலையை அமையுங்கள். பரப்பி முடித்த பாதையின் மேல் சுமையோடு நடந்தால் கல் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

பள்ளம், அடித்தளம், கரை

வேலையை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரையான வறண்ட காலத்தில் தொடங்குவது நல்லது. கயிறு கட்டி எல்லையைக் குறித்து, 5 அங்குல ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுங்கள். இந்த வேலையில் மிகுந்த பொறுமை வேண்டியது கிக்குயு புல்லை அகற்றுவதில்தான். அதன் வெள்ளைத் தண்டுவேர் ஒரு விரல் நீளம் மண்ணில் தங்கினாலும் எந்தத் துணியின் விளிம்பையும் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். வெட்டிய மண்ணைச் சல்லடையில் சலித்து வேரைப் பொறுக்கி எடுத்து, இரண்டு வாரம் நிலத்தைத் திறந்தே வைத்து, மீண்டும் துளிர்ப்பவற்றைத் தோண்டி எடுத்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். புளியாரைக்கும் இதே கவனம் வேண்டும். களைக்கொல்லி தெளிப்பதை நான் ஏற்கவில்லை. சரிவில் தெளிக்கும் எதுவும் கீழே இருப்பவரின் கிணற்றுக்கும் ஓடைக்கும் போய்ச் சேரும்.

பள்ளத்தின் அடியைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். முதலில் கரையை நிறுத்த வேண்டும். கருங்கல் கட்டையோ, நிலத்தில் கிடைத்த கற்களோ, நிறுத்தி வைத்த செங்கல்லோ எதுவாயினும் பாதி உயரமாவது மண்ணுக்குள் புதைந்து, தலைப்பு முடிந்த சரளையைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். வாய்க்கால் பக்கத்துக் கரையில் 3 அடிக்கு ஒரு முறை விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். கரை முழுவதையும் சிமெண்டால் பூசி அடைத்துவிட்டால் பாதையே தொட்டியாகிவிடும். படி முகப்புக் கற்களைக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறக்கி, சிறிது பின்புறம் சாய்த்து வைத்தால் மழையில் முன்னால் தள்ளப்படாது.

கரை நின்ற பிறகு, பாதையாக இருந்தால், முக்கால் இன்ச் ஜல்லியோடு கிரஷர் தூளைக் கலந்து 3 அங்குலம் பரப்பி, நீர் தெளித்து, இரண்டு அடுக்காக இடித்து இறுக்குங்கள். காலால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுக வேண்டும். செடிப் பாத்திக்கும் தாழ்வாரக் கோட்டுக்கும் இந்த அடித்தளம் தேவையில்லை.

துணியைப் பற்றி ஒரே ஒரு விதி: நீர் புகாத எதையும் விரிக்காதீர்கள். தார்ப்பாய், பிளாஸ்டிக் தாள், பழைய பேனர் எதுவும் வேண்டாம். நெய்யப்படாத வகை ஜியோடெக்ஸ்டைல் நீரை விட்டுவிடும், மண்ணும் கல்லும் கலப்பதைத் தடுக்கும். அதைப் பாதைக்கு அடியில் அடித்தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் விரிப்பதே பயனுள்ள இடம். ஒரு துண்டு மற்றொன்றின்மேல் ஓர் அடியாவது ஏற வேண்டும். சரிவில் மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின்மேல் படிய வேண்டும், ஓடு வேய்வதைப் போல. செடிப் பாத்தியில் துணியே வேண்டாம். அங்கே சில ஆண்டுகளில் மேலே தூசியும் இலைத்தூளும் படிந்து களை முளைத்துவிடும், அதன் வேர் துணியில் பின்னிக்கொள்ளும், பிடுங்கவும் முடியாது.

கழுவிப் பரப்புதல்

கிரஷரிலிருந்து வரும் கல்லில் தூள் ஒட்டியிருக்கும். சல்லடையில் கொட்டிக் கழுவிய பிறகே பாண்டில் அள்ளிப் போடுங்கள். கழுவிய நீர் சாக்கடைக்குப் போய் அதை அடைக்காமல் ஒரு குழியில் தெளியவிடுங்கள். பாதையில் 2 அங்குலத்துக்கு மேல் போட வேண்டாம். 3 அங்குலத்தில் கால் புதையத் தொடங்கும். கைத்தடி ஊன்றுபவர்களுக்கு அது ஆபத்து. பாத்தியில் 2 முதல் 3 அங்குலம் போடலாம். பல் வைத்த வாரியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நிரவி, ஒரு மழைக்குப் பிறகு பள்ளம் விழுந்த இடத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

கல்லுக்கு நடுவே என்ன நடலாம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990களின் தொடக்கத்தில் பழைய வாகன நிறுத்துமிடம் ஒன்றைச் சரளைத் தோட்டமாக்கி, நட்ட செடிகள் வேர்பிடித்த பிறகு நீரே ஊற்றாமல் வளர்த்தது உலகம் முழுவதும் பேசப்பட்டது. அது அந்நாட்டின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. அவர் நட்ட செடிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இடத்துக்குப் பொருந்தும் செடியை நடுவது என்ற அவரது அணுகுமுறையை எடுத்துக்கொள்வதே நமக்கு நல்லது. நம்முடைய மலையில் பல மாதம் ஈரம் நிற்கும். எனவே வறட்சிக்குரிய செடிகளை நடுவதாக இருந்தால் வெயில் படும் மேட்டில், மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கால் இன்ச் கல்லைக் கலந்து, பாத்தியை அரை அடி உயர்த்தி நட வேண்டும். ரோஸ்மேரியும் தைமும் நீலகிரியில் பயிராகவே விளைபவை என்பதால் அங்கே தயக்கமின்றி நடலாம். லாவெண்டர், மணக்கும் ஜெரேனியம் ஆகியவையும் தழைக்கும். பாதை ஓரத்துக்கு அகபாந்தஸ் போல் எளிதான செடி வேறில்லை.

உதகைப் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று தாழ்ந்த இடத்தில் தேங்குவதால், சதைப்பற்றுள்ள மென்செடிகளைக் கல்லோடு சேர்த்துத் தோட்டத்தின் பள்ளத்தில் வைத்தால் கருகிவிடும். அவற்றுக்குச் சுவரை ஒட்டிய, தாழ்வாரத்துக்கு அடியில் உள்ள இடம் பொருந்தும். எந்தச் செடியானாலும் தண்டை ஒட்டிக் கல்லைக் குவிக்காதீர்கள். செடிக்கு 2 அங்குலமும் மரத்துக்கு அரை அடியும் இடம் விடுவது அழுகலைத் தவிர்க்கும்.

பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை

களை பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸின் இலையும் சில்வர் ஓக்கின் இலையும் கல்லின்மேல் விழுந்து மட்கினால் இடுக்கில் மண் உருவாகும். அந்த மண்ணில்தான் விதை முளைக்கும். ஆகவே இலையை ஈரமாகி ஒட்டுவதற்கு முன், வாரம் ஒரு முறை, மெல்லிய மூங்கில் வாரியால் வாரிவிடுவது களையெடுப்பில் பாதி வேலையைக் குறைக்கும். பெரிய மரத்துக்கு நேர் அடியில் சரளையே வேண்டாம் என்பது என் கருத்து. முளைத்த களையை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வாய்க்காலைத் திறந்து சேற்றை வாருங்கள். கரையின் இடைவெளிகளில் கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள். பாசி பிடித்த கல்லை அள்ளிச் சல்லடையில் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அமிலமோ பிளீச்சிங் பவுடரோ வேண்டாம். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மேல்கல் சற்றுக் குறைந்து அடித்தளம் தெரியத் தொடங்கும். அப்போது வாங்கும் கல் வேறு குவாரியிலிருந்து வந்திருந்தால் நிறம் ஒட்டாமல் தனித்துத் தெரியும் என்பதால், முதல் லாரியிலேயே நான்கைந்து மூட்டையை எடுத்துக் கூரைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.